குடில் பேச்சை எடுத்தால் எழுந்து போகும் அம்மையாருக்கு

திறந்தவெளிப் பொழுதுபோக்குக்கும் வனவிலங்கு வாழிடங்களுக்கும் பொது மானியம் வழங்கும் அலுவலகத்தின் தலைமை அதிகாரியாக இருந்து, இன்று மாலை ஐந்து மணியோடு பணி நிறைவு பெறும் அம்மையாருக்கு, அலுவலகப் பணியாளர்களும் ஏரிக்கரை நடையர் சங்கத்தாரும் ஒன்றுகூடி வாசித்தளிக்கும் மடல்.

மதிப்புக்குரிய அம்மையீர்! மண்ணை மண்ணாகவும் மரத்தை மரமாகவும் விட்டுவைத்த மதியுடையவரே! கோப்பைப் பிரிக்குமுன் கரையை நடந்து பார்த்தவரே! கெஞ்சியவரிடமும் மிஞ்சியவரிடமும் ஒரே முகம் காட்டியவரே! உடன் பணி செய்தவர்களுக்குப் பெருமையையும், விண்ணப்பம் கொண்டு வந்தவர்களுக்குப் பெருமூச்சையும் வஞ்சமில்லாமல் வழங்கியவரே! வணக்கம்.

முதலில் ஒரு விளக்கம் சொல்லிவிட வேண்டும். இம்மடலை எழுதியவர் உங்கள் மாமனார். ஏரிக்கரை நடையர் சங்கத்தின் தலைவர் என்ற முறையிலும், பிழையில்லாமல் தமிழ் எழுதுகிறவர் என்ற முறையிலும் அலுவலகத்தார் அவரை வீடு தேடி வந்து கேட்டுக்கொண்டார்கள். பொது மேடையில் வாசிக்கும் மடலில் 'நான்' என்று எழுதுவது அழகல்ல என்பது அவர் கொள்கை. ஆகவே இதில் அவர் 'உங்கள் மாமனார்' என்றே வருவார். வீட்டில் உங்களை ஒருமையில் அழைப்பவர், இங்கே 'நீங்கள்' என்கிறார். அது நாற்காலிக்குக் கொடுக்கும் மரியாதை. ஐந்து மணிவரை நாற்காலி உங்களுடையது.

இன்னொன்று. மடல் நீளமாக இருக்கிறதே என்று பின்வரிசையில் யாராவது நெளிந்தால், தாராளமாக நெளியட்டும். நீளத்துக்குக் காரணம் உண்டு. இதை வாசிப்பவர் உங்களுக்கு அடுத்த நிலையில் இருக்கும் அலுவலர். எங்கே போனாலும் சட்டைப்பையில் அளவுநாடாவோடு போவதால் 'அளவுநாடா' என்றே எல்லோரும் அழைக்கும் தம்பி. அவசரப்படாமல் ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய மூச்சைக் கொடுத்து வாசிக்கும்படி அவரிடம் சொல்லியிருக்கிறோம். மேடைக்கு எதிரே சுவரில் கடிகாரம் இருக்கிறது. அதையும் அவர் பார்த்துக்கொள்வார்.

அம்மையீர்! நீங்கள் இந்த அலுவலகத்துக்கு வந்த காலத்தில் மானியம் என்பது காகிதத்தில் கேட்டுக் காகிதத்தில் பெறுவதாக இருந்தது. தாழ்வாரத்தின் இந்தப் பக்கம் பொழுதுபோக்குப் பிரிவு. மனிதர்கள் உள்ளே வர வழி செய்வது அதன் வேலை. அந்தப் பக்கம் வாழிடப் பிரிவு. மனிதர்கள் உள்ளே வராமல் காப்பது அதன் வேலை. இரண்டு பிரிவும் ஒரே குளத்துக்கு மானியம் கொடுத்திருக்கும். தேநீர் வேளையில்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டிருக்காது. இந்தப் பேசாமையால் விளைந்த வினை ஒன்றைப் பிற்பாடு சொல்லப்போகிறோம்.

நீங்கள் வந்தீர்கள்; நடந்தீர்கள். வரைபடத்தில் எங்கெல்லாம் பெஞ்சு போட்டிருந்ததோ அங்கெல்லாம் போய்த் தரையில் உட்கார்ந்தீர்கள். குன்றுப் பாதை வேலையை எடுத்திருந்த ஒப்பந்தக்காரர், எதைக் கண்டாலும் பூசி மெழுகத் துடிப்பவர்; அவருக்கு 'சிமெண்ட் அண்ணன்' என்றே பெயர். அன்று அவர் பட்ட பாட்டை உடன் வந்தவர்கள் இன்னும் நடித்துக் காட்டுகிறார்கள்.

"மேடம், எழுந்திருங்க. துணியெல்லாம் மண்ணு."

"இருங்கண்ணே. நீங்களும் உக்காருங்க. இங்கேருந்து உங்களுக்கு என்ன தெரியுது?"

"எனக்கா? நம்ம ஜீப்பு தெரியுது."

"ஜீப்பைப் பாக்கவா ஜனங்க இவ்ளோ தூரம் ஏறி வருவாங்க? பெஞ்சை அந்த மரத்தைத் தாண்டிப் போடுங்க."

"மரத்தைத் தாண்டினா தரை சரியில்லையே மேடம். கொஞ்சமா காங்கிரீட் போட்டு..."

"வேணாம்."

"அப்படியே மண்ணா விட்டா ஜனங்க என்ன பண்ணுவாங்க?"

"நடப்பாங்கண்ணே."

சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் நீர்விளிம்பு எட்ட வேண்டும் என்று விதியில் ஒரு வரி இருந்தது. எல்லோரும் அந்த வரிக்கு எதிரே சரி என்று குறியிட்டுக் கடந்து போனார்கள். நீங்கள் ஒரு சக்கர நாற்காலியை இரவல் வாங்கி வந்து, அதில் உட்கார்ந்து, அளவுநாடாவைத் தள்ளச் சொன்னீர்கள். ஏற்றத்தில் அவருக்கு மூச்சு வாங்கிய இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, சரிவை அங்கிருந்து திருத்தச் சொன்னீர்கள். (வாசிப்பவர் இந்த இடத்தில் வெட்கப்பட வேண்டியதில்லை.) அந்தப் பாதையின் முடிவில் இன்று முதியவர்களும் குழந்தைகளும் உட்கார்ந்து நீர்நாய்கள் மீன் பிடிப்பதைப் பார்க்கிறார்கள். நீர்நாய்களும் இவர்களைப் பார்க்கின்றன. யாரும் யாரையும் விரட்டவில்லை. தாழ்வாரத்தின் இரண்டு பக்கத்தையும் ஒரே மேசையில் உட்கார வைத்ததன் பலன் அது.

இதுவரை சொன்னது பாராட்டு. இனிச் சொல்லப்போவது, உங்கள் மாமனார் பல காலமாக மென்றும் விழுங்காமல் வைத்திருப்பது.

அம்மையீர், குடிலின் பேச்சு வருகிறது. அந்தச் சொல் காதில் விழுந்ததும் நீங்கள் எழுந்து வெளியே போவீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். தடுக்கமாட்டோம். கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டிருக்கிறது. கதவைத் திறந்தே வைக்கும்படி காவலாளியிடம் சொல்லியிருக்கிறது. வீட்டாரின் கோப்பு பேசப்படும் அறைக்குள் நீங்கள் இல்லாவிட்டால் விதி காப்பாற்றப்பட்டது. காற்று எதைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போகிறது என்பதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. உங்கள் மாமனார் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துப் பார்த்துவிட்டார். (அம்மையார் வெளியே போய் உட்காரும்வரை வாசிப்பவர் காத்திருக்கவும்.)

அறியாதவர்களுக்காகச் சொல்கிறோம். ஏரிக்குள் நாக்குப்போல நீண்டிருக்கும் மண்திட்டின் மேல், பறவை பார்ப்பதற்கென்று ஒரு மரக்குடில் இருக்கிறது. அம்மையார் தலைமைப் பொறுப்புக்கு வருமுன்பே நடையர் சங்கம் விண்ணப்பித்துப் பொழுதுபோக்குப் பிரிவின் மானியத்தில் கட்டியது. ஏரியைத் தூர்த்து மனை போட ஒரு கூட்டம் வந்தபோது, கரையோரத்துத் தன் நிலத்தை விற்க மறுத்துத் தனியாளாக நின்று தடுத்தவர் உங்கள் மாமனாரின் தகப்பனார். குடிலுக்கு அவர் பெயர். வாசலிலோ தூணிலோ அல்ல. குடிலின் பின்சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு, தேக்குப் பலகையில் செதுக்கிய பெயர். "ஐயா, பாதிச் சுவர் போதுமே" என்று தச்சர் சொன்னார். "எங்க அப்பாவுக்குப் பாதிச் சுவரா?" என்று உங்கள் மாமனார் கேட்டார். தச்சர் முழுச் சுவருக்கும் பலகை அறுத்தார். அப்போது குடிலுக்குப் பின்புறம் இருந்தது குப்பைமேடு. அதை மறைத்தது பலகை செய்த உபகாரம் என்றே எல்லோரும் சொன்னார்கள்.

குடில் கட்டிய மறு ஆண்டு, அதே சங்கம் பறவைகள் கூடு கட்டப் புதர்ச்செடி வைக்க வேண்டும் என்று வாழிடப் பிரிவிடம் கேட்டது. கொடுத்தார்கள். செடி வைக்க ஏற்ற இடம் எது? தண்ணீருக்கும் குடிலின் ஜன்னலுக்கும் நடுவில் இருந்த ஈரநிலம். குடில் கேட்ட விண்ணப்பத்தில் செடியைச் சொல்ல இடமில்லை. செடி கேட்ட விண்ணப்பத்தில் குடிலைச் சொல்ல இடமில்லை. ஆகவே சங்கம் சொல்லவில்லை, பிரிவுகளும் கேட்கவில்லை. மானியத்தில் வைத்த செடிகள் பொதுவாகச் சவலையாக நிற்கும் என்பார்கள். இவை அப்படியா நின்றன? ஜன்னலை மூடின. கூரையைத் தொட்டன. உள்ளே உட்கார்ந்தால் இலை தெரியும். இலைக்குப் பின்னால் இலை தெரியும். ஒப்பந்தக் காலம் முடியும்வரை குடிலை இடம் மாற்றக் கூடாது, செடியை வெட்டக் கூடாது. இரண்டு பிரிவும் தனித்தனியே முத்திரை குத்திய நிபந்தனை.

ஊருக்குக் கேட்கவா வேண்டும்? 'இலைக்கொட்டகை' என்று பெயர் வைத்துவிட்டது. காலை நடையில் எதிர்ப்படுகிறவர்கள், "பெரியவரே, இன்னிக்கு இலையெல்லாம் நல்லா பறந்துதா?" என்று நலம் விசாரிக்கிறார்கள். தன்னைச் சொல்லியிருந்தால் உங்கள் மாமனார் பொறுத்திருப்பார். பலகையில் இருப்பது அவர் தகப்பனாரின் பெயர். ஏரியையே காப்பாற்றியவரின் பெயரில் ஏரி தெரியாத குடில்!

புதரைக் கொஞ்சம் வெட்ட அனுமதி கேட்டு விண்ணப்பம் போனது. அது மேசைக்கு வந்ததும் அம்மையார் எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்விட்டார். குடும்பத்துக் கோப்பு பேசப்படும்போது அதிகாரி அறையில் இருக்கக் கூடாது. அதுவும் சரிதான். அளவுநாடா பார்வையிட வந்தார்.

"ஐயா, உள்ள கூடு இருக்கு."

"இருக்கட்டும் தம்பி. கூடு இல்லாத கிளையா பாத்து வெட்டிக்கிறோம்."

"அது எந்தக் கிளைன்னு நான் போய் அந்தப் பறவைகிட்ட எழுதி வாங்க முடியுமா?"

"ஒரு ஜன்னல் அளவுதான்ப்பா கேக்கறேன். நான் யார்னு உனக்குத் தெரியாதா?"

"நீங்க யாரோட மாமனார்னு நல்லாத் தெரியும்யா. அதனாலதான் ரெண்டாவது தடவை அளந்துக்கிட்டிருக்கேன்."

இதுதான் அந்த உறவால் உங்கள் மாமனார் கண்ட சலுகை. ஊராருக்கு ஒரு முறை அளந்தால் இவருக்கு இரு முறை. விண்ணப்பம் திரும்பி வந்தது. மறுபடி போனது, மறுபடி வந்தது.

சரி, அலுவலகத்தில் பேச முடியாது, வீட்டில் பேசலாம் என்று நினைத்தார். ஒரே கூரை, ஒரே சாப்பாட்டு மேசை. சோற்றில் கை வைத்தபடி மெதுவாக ஆரம்பித்தார்.

"அந்தக் குடில் விஷயம்..."

தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தீர்கள்.

"எங்கம்மா போற?"

"சமையலறைக்கு, மாமா. நீங்க பேசி முடிங்க, அப்புறம் வரேன்."

"இது வீடும்மா! ஆபீஸ் இல்ல!"

"ஃபைல் அதேதானே மாமா?"

நின்றுகொண்டே சாப்பிட்டு முடித்தீர்கள்.  அன்று தொடங்கியது அந்த வீட்டில் ஒரு புது வழக்கம். கூடத்தில் பேச்செடுத்தால் தோட்டத்துக்குப் போவீர்கள். தோட்டத்தில் எடுத்தால் மாடிக்கு. ஒருமுறை காரில் போகும்போது, இப்போது எங்கே போவார் என்று நினைத்து ஆரம்பித்தார். ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கி, வெயிலில் ஒரு கம்பத்தோரம் நின்றுகொண்டு, "முடிச்சதும் ஹாரன் அடிங்க மாமா" என்றீர்கள். வண்டிக்குள் அவர் யாரிடம் பேசுவது? ஸ்டியரிங்கிடமா?

உங்கள் கணவர், அதாவது அவருடைய அருமை மகன், இதில் ஒரு வசதியைக் கண்டுகொண்டார். நீங்கள் செய்தி பார்த்துக்கொண்டிருக்கும்போது தனக்கு ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால், "அப்பா, அந்தக் குடில் என்னாச்சு?" என்று உரக்கக் கேட்பார். ரிமோட் அவர் கைக்கு வந்துவிடும். குடும்ப கௌரவம் இந்த நிலைக்கு வந்து நிற்கிறது.

கையில் அதிகாரம் இருக்கிறவர் தன் வீட்டாருக்குச் சாதகம் செய்வதைப் பார்த்து ஊர் கசந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியும். ஆனால், ஐயா, அம்மா, சபையோரே! அதிகாரம் கையில் இருக்கிறது என்பதற்காகவே தன் வீட்டாரிடம் வாயே திறக்காமல் இருப்பவரோடு வாழ்ந்து பார்த்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? புதரை வெட்டலாமா கூடாதா, வேறு வழி உண்டா, இல்லையா? இந்த வட்டாரத்திலேயே அதற்கு நன்றாகப் பதில் தெரிந்த ஒருவர் மாமனாருக்கு எதிரே உட்கார்ந்து குழம்பை ஊற்றிக்கொள்கிறார். கேட்க முடியாது. கேட்டால் நாற்காலி காலியாகிவிடும்.

விடுமுறை நாட்களில் மட்டும் அம்மையார் குடிலுக்குத் தனியே போவது உண்டு. அதிகாரியாக அல்ல, நடக்க வந்தவராக. அங்கே ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, பின்சுவர்ப் பலகையைப் பார்த்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருப்பார். தூரத்திலிருந்து அதைப் பார்த்த உங்கள் மாமனாருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "என் மருமகள் எங்க அப்பா பேரைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பா. இந்தக் காலத்துல யாருக்கு வரும் அந்த மரியாதை?" என்று உறவு முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

சென்ற மழைக்குப் பின் ஒரு காலையில் அவர் அந்தக் குடிலுக்குப் போனார். ஜன்னலோரம் கூரை ஒழுகிப் பெஞ்சு நனைந்திருந்தது. வேறு வழியில்லாமல் அம்மையார் உட்காரும் இடத்தில், அம்மையார் உட்காரும் திசையில் உட்கார்ந்தார். எதிரே தகப்பனாரின் பெயர். பெயருக்குப் பின்னாலிருந்து சத்தம். ஒன்றல்ல, நூறல்ல; சந்தைக்கடைபோல் ஒரே இரைச்சல். எழுந்து குடிலைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தார்.

குப்பைமேடு எங்கே? அதை அப்புறப்படுத்தி மதகைத் திருத்தித் தண்ணீர் விட நகராட்சிக்கு இந்த அலுவலகம் மானியம் கொடுத்ததும், வேலை நடந்ததும் அவருக்குச் செய்தியாகத் தெரியும். புதரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். குடிலுக்குப் பின்னால் முழங்கால் அளவுத் தண்ணீர் வெள்ளித்தகடாகக் கிடக்க, அதன் மேல் நாரையும் கொக்கும் வாத்தும் உள்ளானும், கால் வைக்க இடமில்லாமல் பறவை. ஏரியின் மொத்தப் பறவையும் அங்கே இருந்தது. நடுவில் மறைத்து நின்றது ஒரு தேக்குப் பலகை.

அம்மையார் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்!

அது தனக்காக வைத்த குறிப்பா, வெறும் பழக்கமா என்று உங்கள் மாமனாருக்கு இன்றுவரை தெரியாது. கேட்கலாம் என்றால் நீங்கள் தட்டோடு எழுந்துவிடுவீர்கள். அன்று முழுக்க 'வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன?' என்று உங்கள் மேல்தான் அத்தனை கோபமும். பிறகு ஒன்று தோன்றியது. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நாளை ஊர் என்ன பேசும்? மாமனாருக்கு மருமகள் வழி சொல்லிக் கொடுத்துத் தானே அனுமதியும் கொடுத்துவிட்டாள் என்று பேசும். அந்தப் பேச்சு பலகையில் இருக்கும் பெயரின் மேல்தான் வந்து ஒட்டும். அதை ஒட்டவிடாமல் இத்தனை காலம் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டவர் யார் என்று யோசித்தார். கோபம் குறையவில்லை, ஆனால் அதை யார் மேல் வைப்பது என்று தெரியாமல் போய்விட்டது.

ஆகவே உங்கள் மாமனார் முடிவு செய்துவிட்டார். புதர் இருக்கட்டும், கூடு இருக்கட்டும். பின்சுவரில் ஜன்னல் திறக்கப்படும். பலகை கழற்றப்பட்டு, அந்த ஜன்னலுக்குக் கீழே, பார்க்க வருகிறவர்கள் கை வைத்துக்கொள்ளும் மட்டத்தில் படுக்கையாகப் பொருத்தப்படும். தச்சரிடம் சொல்லியாகிவிட்டது. குடும்பத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். தம்பி மகன் கேட்டே விட்டான்.

"பெரியப்பா, தாத்தா பேர் மேல ஊரே முழங்கையை ஊனுமே!"

"ஊனட்டும்டா. ஊனினாத்தான் நல்லாப் பாக்க முடியும்."

இதற்கு அனுமதி கேட்கும் விண்ணப்பம் தயாராக அவர் சட்டைப்பையில் இருக்கிறது. இன்று கொடுக்கமாட்டார். நாளைக் காலை, உங்கள் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்த பிறகு கொடுப்பார். இரு முறை அளக்கட்டும். மூன்று முறையும் அளக்கட்டும். உங்கள் கடைசி நாளில் உங்கள் மாமனாருக்குக் காரியம் ஆயிற்று என்று ஒருவர் நாக்கும் புரளக் கூடாது. எழுந்து போக உங்களுக்கு மட்டும்தான் தெரியுமா, அம்மா? காத்திருக்க இந்த வீட்டில் இன்னொருவருக்கும் தெரியும்.

ஒரே வீட்டில் இருக்கும் மருமகளிடம் இவ்வளவையும் சொல்ல அவருக்கு ஒரு மேடையும், ஒலிபெருக்கியும், திறந்த கதவும் தேவைப்பட்டன என்பதை மட்டும் சபை குறித்துக்கொள்ளட்டும்.

அம்மையீர்! நலம் குன்றாமலும் நடை தளராமலும் நீடூழி வாழ்க! நீங்கள் போட்டுக் கொடுத்த பாதையெல்லாம் இனி விண்ணப்பம் இல்லாமல் நடந்து வாழ்க! நீங்கள் தரையில் உட்கார்ந்து இடம் பார்த்த பெஞ்சிலெல்லாம் இனிப் பெஞ்சின் மேலேயே உட்கார்ந்து வாழ்க! உங்கள் தட்டில் சோறு சூடாகவும், நாற்காலியில் நீங்கள் நிலையாகவும் இருக்க வாழ்க!

(வாசிப்பவர் இங்கே கடிகாரத்தைப் பார்க்கவும். ஐந்து ஆகவில்லை என்றால் மேலே உள்ள வாழ்த்தை மறுபடியும் வாசிக்கவும். வாழ்த்து எத்தனை முறை சொன்னாலும் கெட்டுப்போகாது. ஐந்து ஆனபின் மேலே தொடரவும்.)

மணி ஐந்து. பதவி முடிந்தது. இனி எந்த அறையிலிருந்தும் எழுந்து போக உனக்கு விதி இல்லை.

உள்ளே வாம்மா. உட்கார். அந்த ஜன்னலை எவ்வளவு அகலம் வைக்கலாம், சொல்லு.

இங்ஙனம்,
ஆற்றாமையும் அன்பும் ஒருசேரக் கொண்ட
அலுவலகப் பணியாளர்கள்,
ஏரிக்கரை நடையர் சங்கத்தார்,
மற்றும் உன் மாமனார்.